அடுப்பங்கரையில் ஒரு தராசு

எங்கள் தோல் வட்டாரத்தில் அளவுக்குத் தனி மரியாதை உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில்தான் கைமாறும். ஒரு தோலில் கால் அடி கூடிற்றா குறைந்ததா என்பதில் விற்பவரும் விட்டுக்கொடுக்க மாட்டார். வாங்குபவரும் விட்டுக்கொடுக்க மாட்டார். தோல் மண்டியில் கணக்கெழுதியே எங்களை ஆளாக்கிய என் அத்தா, "அளந்தவனிடம் வாதிடலாம், அளக்காதவனிடம் சண்டைதான் போட முடியும்" என்பார்கள். அந்தச் சொல் வணிகத்துக்கு மட்டும் உரியதென்று எண்ணியிருந்தேன். அது அடுப்பங்கரைக்கும் பொருந்தும் என்பதை 2025-ஆம் ஆண்டு எனக்குக் காட்டிற்று.

அவ்வாண்டு ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு இறக்குமதி வரி விதித்தது. காலணியும் தோலும் ஏற்றுமதியாகும் எங்கள் ஊரில் அதன் அதிர்வு வீடுதோறும் கேட்டது. என் கணவர் வேலை பார்க்கும் காலணித் தொழிற்சாலையில் மிகை நேர வேலை நின்றது. மாத வருமானத்தில் ஒரு பகுதி குறைந்தது. அதற்கு முன்பே, ஏப்ரல் மாதத்தில், சமையல் எரிவாயு சிலிண்டருக்கு 50 ரூபாய் உயர்ந்திருந்தது. வீட்டுச் செலவை எங்கே குறைக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது என் மாமி ஒரு யோசனை சொன்னார்கள். "பின்கட்டில் மூன்று கல் வைத்தால் போதும். வெந்நீரும் நோன்புக் கஞ்சியும் விறகிலேயே ஆகிவிடும். முப்பது வருடம் விறகில் பொங்கித்தானே பிள்ளைகளை வளர்த்தோம்!"

அந்த முப்பது வருடம் அவர்களுடைய நெஞ்சில் தங்கியிருப்பதை நாங்கள் அறிவோம். மழைக்காலம் வந்தால் இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். ஆயினும் குடும்பத்தின் சுமையைத் தம் தோளிலும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள விரும்பும் பெரியவரிடம், "உங்கள் உடம்புக்கு ஆகாது" என்று மட்டும் சொல்லி வாயடைப்பது மரியாதையாகாது. அவர்கள் கேட்டது பணக் கணக்கு. பதிலும் கணக்காகவே இருக்க வேண்டும்.

அந்த நாள்களிலேயே, பதினோராம் வகுப்பில் பயிலும் என் மகளுக்கு வேதியியல் ஆசிரியை ஒரு பணி கொடுத்திருந்தார். வீட்டில் ஓராண்டு எரியும் சமையல் எரிவாயுவிலிருந்து எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்று கணக்கிட்டு வரவேண்டும். இரு கேள்விகளுக்கும் ஒரே தராசு போதும் என்று எனக்குத் தோன்றிற்று.

புத்தகமும் தராசும்

சகோதரிகளே, இந்தக் கணக்குக்கு ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டியதில்லை. வேண்டியவை இரண்டு. முதலாவது, சிலிண்டர் வந்த தேதிகள். கேஸ் புத்தகத்தில் பதிவு இருந்தால் நல்லது. இல்லையேல் கைபேசியில் வந்த குறுஞ்செய்திகளே சாட்சி. எங்கள் வீட்டில் ஆறு பேர். முந்தைய 12 மாதங்களில் 9 சிலிண்டர்கள் வந்திருந்தன.

சிலிண்டரை எண்ணும் பழக்கம் நம் நாட்டில் பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. 2012 செப்டம்பரில் மானிய விலைச் சிலிண்டர் ஆண்டுக்கு 6 மட்டுமே என்று மத்திய அரசு வரம்பு கட்டிற்று. 2013-இல் அது 9 ஆயிற்று. 2014-இல் 12 ஆயிற்று. அதுவரை கேஸ் எப்போது தீர்ந்தது என்று மட்டும் பார்த்த வீடுகள், ஒன்று எத்தனை நாள் வருகிறது என்று நாள்காட்டியில் குறிக்கத் தொடங்கின.

இரண்டாவது தேவை ஒரு தராசு. வீட்டுச் சிலிண்டரில் நிரப்பப்படும் வாயுவின் எடை 14.2 கிலோ. உருளையின் வெற்று எடை, மேலேயுள்ள வளையத்துத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் 15, 16 கிலோ இருக்கும். இரண்டையும் கூட்டினால் முழுச் சிலிண்டரின் எடை. வீட்டுக்குக் கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்வது நுகர்வோரின் உரிமை, கூச்சப்பட வேண்டியதில்லை. அதே தகடுகளில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும் இரண்டு இலக்கமும் காணப்படும். உருளையை அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலாண்டையும் ஆண்டையும் அவை குறிக்கும். அந்தக் காலம் கடந்த உருளையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அண்டை வீட்டார் தோல் துண்டுகளை எடைபோட வைத்திருந்த மின்னணுத் தராசை ஒரு வாரம் இரவல் வாங்கினோம். செப்டம்பர் மாதத்தின் ஒரு சனிக்கிழமை காலை, அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, உருளையை நிமிர்ந்த நிலையிலேயே தராசில் ஏற்றி எடையைக் குறித்தோம். அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் மீண்டும் நிறுத்தோம். வழக்கமான சமையல் நடந்த அந்த ஏழு நாளில் குறைந்தது 2 கிலோ 200 கிராம். அந்தக் கணக்கில் ஆண்டுக்குச் சமையலுக்கு 8 சிலிண்டர் ஆகிறது. மீதி ஒன்று எங்கே போயிற்று என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

14 கிலோ எப்படி 43 கிலோ ஆகும்?

மகள் தன் கணக்கை முடித்துவிட்டுப் படித்துக் காட்டினாள்: "ஒரு சிலிண்டர் எரிந்தால் சுமார் 43 கிலோ கரியமில வாயு." மாமி நிமிர்ந்து பார்த்தார்கள். "வந்ததே பதினாலு கிலோ. அது எரிந்து முடிந்தால் நாற்பத்து மூன்று கிலோ எப்படியம்மா ஆகும்? வெறுங்காற்றுக்கு இவ்வளவு எடையா?"

அருமையான கேள்வி. விடை நெருப்பின் இயல்பில் இருக்கிறது. எரிதல் என்பது பொருள் அழிவதன்று. அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்வது. நம் சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தால் திரவமாக்கி அடைக்கப்பட்டது. இரண்டும் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை. எரியும்போது, 12 கிராம் கரி காற்றிலிருந்து 32 கிராம் ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு 44 கிராம் கரியமில வாயுவாகிறது. 44 கிராம் புரொப்பேனில் 36 கிராம் கரி உண்டு. அது எரிந்தால் 132 கிராம் கரியமில வாயு. அதாவது சரியாக மூன்று மடங்கு. பியூட்டேனுக்கு மூன்று மடங்கைவிடச் சற்றே கூடுதல். கூடுதல் எடை முழுவதும் சமையலறைச் சன்னல் வழியே வந்த காற்றின் எடை. ஹைட்ரஜன் பங்கு நீராவியாகிவிடுகிறது.

ஆகவே கணக்கு மிக எளிது. வாயுவின் எடையை மூன்றால் பெருக்குங்கள். 14.2 கிலோவுக்கு 42.6 கிலோ. எங்கள் வீட்டு 9 சிலிண்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 383 கிலோ. ஆறு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 64 கிலோ. குழாய் வழி இயற்கை எரிவாயு பெறும் வீடுகளில் மீட்டர் கன மீட்டரில் ஓடும். அங்கே ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ என்று கொள்ளலாம்.

மகளுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. மனிதர் ஒவ்வொருவரும் மூச்சில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறோம். எங்கள் வீட்டு அடுப்பு முழுவதும் நாளொன்றுக்கு வெளியிடுவதே அவ்வளவுதான். அப்படியானால் ஆறு பேரின் மூச்சை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை? நாம் உண்ணும் அரிசியும் காய்கறியும் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியைத்தான் நாம் மூச்சில் திருப்பித் தருகிறோம். வாங்கிய கடனை அதே ஆண்டில் அடைப்பதுபோன்றது அது. சிலிண்டரில் உள்ள கரியோ கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுக்கடியில் கிடந்தது. அதை மேலே கொண்டுவந்து எரித்தால் காற்றில் புதிய இருப்பாகச் சேர்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் முறையான அளவீடு தொடங்கியபோது 315-ஐ ஒட்டியிருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. உலகின் வெப்பம் உயர்வதன் முதன்மைக் காரணம் இந்தக் கூடுதல் இருப்பே.

மாமியின் வாதம்

இதைக் கேட்டதும் மாமி சொன்னார்கள்: "அப்படியென்றால் விறகுதான் நல்லது. அதுவும் மரம் காற்றிலிருந்து எடுத்ததுதானே?"

எழுத்தறிவு குறைந்தவர்கள் என்று நாம் நினைக்கும் பெரியவர்கள் சில வேளை நேராக நடுப்புள்ளியைத் தொட்டுவிடுகிறார்கள். வெட்டிய மரத்துக்கு ஈடாக மரம் வளருமானால், விறகின் கரியமில வாயு மூச்சைப் போன்றதே. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அடுப்பின் திறன். நம் நாட்டில் தரச்சான்று பெறும் கேஸ் அடுப்பு, வாயுவின் வெப்பத்தில் குறைந்தது 68 விழுக்காட்டைப் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடே பாத்திரத்தைச் சேரும். மீதி சுற்றிலும் காற்றோடு போய்விடும். இதை வைத்துக் கணக்கிட்டால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்குச் சுமார் 200 கிலோ உலர்ந்த விறகு வேண்டும். அது வெளியிடும் கரியமில வாயு 340 கிலோ. மரம் மீண்டும் வளர்ந்தால் அது ஈடாகலாம். ஆனால் எங்கள் ஊரைச் சூழ்ந்த குன்றுகளில் ஒரு காலத்தில் இருந்த அடர்த்தி இன்றில்லை என்பதை மாமியே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். என் கணவர் விறகுத் தொட்டியில் விலை கேட்டு வந்தார். 200 கிலோவுக்குப் பெருக்கியபோது சிலிண்டரின் விலையைத் தாண்டிற்று. சுள்ளியும் தென்னை மட்டையும் இலவசமாகக் கிடைக்கும் வீட்டில் கணக்கு மாறலாம். எங்கள் தெருவில் ஒரு தென்னையும் இல்லை.

இரண்டாவது, புகை. கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது. அடுப்பங்கரையில் இருப்பவரை உடனே வருத்துவதும் இல்லை. விறகுப் புகையின் நுண்துகள்களோ நேரே நுரையீரலின் அடிவரை செல்கின்றன. நம் மாநிலத்தின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலுமாக 3,200 கர்ப்பிணிப் பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிபொருளும் இலவசமாக வழங்கினர். மற்றவர் வழக்கம்போல் விறகிலேயே சமைத்தனர். எரிவாயு பெற்ற பெண்கள் சுவாசித்த நுண்துகளின் அளவு, மற்றவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்று 2022-இல் வெளியான முடிவு தெரிவித்தது. கர்ப்பகாலத்தின் நடுவில் வந்த சில மாதத் தூய காற்று, நெடுங்காலப் புகையை உடனே ஈடுசெய்துவிடாது போலும். அடுப்பு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மிகைப்படுத்த வேண்டியதில்லை. மூச்சில் போகும் நஞ்சு குறைகிறது என்பது மட்டும் உறுதி. எங்கள் மாமிக்கு அதுவே போதுமான காரணம்.

2006-க்குப் பின் தமிழக அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்புகளும், 2016 மே 1-இல் தொடங்கிய உஜ்வலா திட்டமும் நம் மாநிலத்தின் அடுப்பங்கரைகளை மாற்றியிருக்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 83 வீடுகள் தூய எரிபொருளில் சமைக்கின்றன. மீதமுள்ள வீடுகளில் ஊதுகுழலும் கையுமாக இன்னும் எத்தனை மாமியர் அமர்ந்திருக்கிறார்களோ!

மாமி நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "சரி, விறகு வேண்டாம். ஆனால் கேஸை மிச்சம் பிடிப்பது எப்படியென்று நான் காட்டுகிறேன்" என்றார்கள். காட்டவும் செய்தார்கள்.

ஒரு லிட்டர் நீரின் விலை

சேமிப்பு எங்கே கிடைக்கும் என்று அறிய ஓர் எளிய அலகு உதவிற்று. ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கச் சுமார் 10 கிராம் வாயு செலவாகும். அதிலிருந்து 30 கிராம் கரியமில வாயு பிறக்கும். தேநீருக்கு நான்கு கோப்பை நீர் போதுமென்றால் எட்டுக் கோப்பை வைப்பானேன்? பருப்பையும் கடலையையும் இரவே ஊறவைத்தால் கொதிநேரம் பாதியாகக் குறைகிறது. கொதி வந்தபின் தீயைத் தணித்தாலும் நீரின் வெப்பம் குறையாது; கொதிக்கும் நீர் கொதிநிலைக்கு மேல் சூடாவதே இல்லை. பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறும் சுடர் காற்றைத்தான் சூடாக்குகிறது. நீலச்சுடர் மஞ்சளானால் பர்னரின் துளைகள் அடைபட்டிருக்கின்றன என்று பொருள். பாத்திரத்தில் கரி பிடிப்பதும் அதனால்தான்.

இவற்றைவிட மாமியின் பங்கு பெரிது. தம் போடும் கலை அவர்களுக்குக் கைவந்தது. ஆம்பூர் பிரியாணியின் பெருமையே தேக்சாவின் மூடிமேல் தணலை வைத்து, உள்ளிருக்கும் வெப்பத்திலேயே சீரகச் சம்பாவை வேகவிடுவதில் இருக்கிறது. அதே முறையை அன்றாடச் சோற்றுக்கும் கொண்டுவந்தார்கள். அரிசி முக்கால் வெந்ததும் அடுப்பை அணைத்து, கனமான மூடியிட்டு, பழைய கம்பளியால் சுற்றி வைத்தார்கள். அரை மணி நேரத்தில் சோறு பதமாக இருந்தது.

முன்னர்ச் சொன்ன ஒன்பதாவது சிலிண்டரின் இரகசியமும் அப்போது வெளிப்பட்டது. மார்கழி, தை மாதங்களில் குளிக்க வெந்நீர் வைக்கிறோம். ஒரு வாளி, அதாவது 15 லிட்டர் நீரை 20 பாகை சூடேற்ற 40 கிராம் வாயு வேண்டும். ஆறு வாளிக்கு 240 கிராம். இரண்டே மாதத்தில் ஒரு சிலிண்டர் தீர்ந்துவிடும். வேலூர் வெயிலைப் பழிக்காத வாய் இல்லை. அந்த வெயிலை மாமி வேலைக்கு அமர்த்தினார்கள். கருப்பு வண்ணக் குடங்களில் நீர் நிரப்பி மூடி மாடியில் வைத்து, குளியலைப் பிற்பகலுக்கு மாற்றினோம். அதிகாலையில் பள்ளிக்கும் வேலைக்கும் செல்வோருக்கு மட்டும் அடுப்பில் வெந்நீர்.

நவம்பரில் மீண்டும் ஒரு வாரம் எடை போட்டோம். சமையலுக்கு 1 கிலோ 900 கிராம் ஆகியிருந்தது. வாரத்துக்கு 300 கிராம் மிச்சம். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சிலிண்டர். வெந்நீரில் மிச்சமாவது தனி. எவர் வயிறும் குறையவில்லை. எவர் நெஞ்சும் புகையவில்லை.

மின் அடுப்பு மேலானதா?

உறவினர் ஒருவர், "இண்டக்ஷன் அடுப்பு வாங்குங்கள், சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்றார். இதையும் கணக்கிட்டோம். அந்த அடுப்பின் திறன் 85 விழுக்காடு என்று கொண்டால், ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் போதும். ஆனால் நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் அண்மைக் கணக்குகளில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ கரியமில வாயு. ஆகவே அந்த ஒரு லிட்டருக்கு 72 கிராம். கேஸில் 30 கிராம்! எரிவாயுவைச் சுத்திகரித்துக் கப்பலிலும் லாரியிலும் கொண்டுவரும் செலவைச் சேர்த்தாலும் இன்றைய நிலையில் கேஸே குறைவு.

இந்த நிலை நிலையானதன்று. காற்றாலையும் சூரியஒளியும் பெருகப் பெருக யூனிட்டின் கரிக்கணக்கு இறங்கும். வீட்டு மாடியில் சூரியத் தகடு அமைத்தவருக்குப் பகல் சமையலுக்கு மின் அடுப்பே மேலானது. மேலும், நம் நாட்டின் சமையல் எரிவாயுவில் பாதிக்கும் மேற்பட்டது வெளிநாட்டிலிருந்து, பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து வருகிறது. அங்கே விலை ஏறினால் இங்கே அடுப்பங்கரை நடுங்கும். ஆகவே ஒன்றை மட்டும் நம்பாதிருப்பதில் நன்மை உண்டு.

யாருடைய பங்கு எவ்வளவு?

மகள் இன்னும் இரண்டு கணக்குகளைச் சேர்த்தாள். மின்கட்டணம் இரு மாதத்துக்குச் சராசரி 400 யூனிட்; ஆண்டுக்கு 2,400 யூனிட்; கரியமில வாயு ஏறத்தாழ 1,730 கிலோ. என் கணவரின் ஸ்கூட்டருக்கு மாதம் 15 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் ஆண்டுக்கு 414 கிலோ. அடுப்பின் 383 கிலோவே மூன்றில் சிறியது. பெண்கள் எரிக்கும் அடுப்பைக் குறித்து உபதேசம் செய்வோர் முதலில் மின்விசிறி, குளிர்சாதனம், வாகனம் ஆகியவற்றைப் பார்க்கட்டும் என்று நான் சொன்னபோது என் கணவர் சிரித்தார். மறுநாள் முதல் அருகிலுள்ள கடைக்கு நடந்தே செல்கிறார்.

நாட்டளவில் பார்த்தால் இந்தியரின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 2 டன். உலகச் சராசரி அதனினும் இரு மடங்குக்கு மேல். அமெரிக்கரின் சராசரி ஏறத்தாழ 14 டன். எங்கள் வீட்டில் சமையலுக்காகத் தலைக்கு 64 கிலோ என்பது இந்தியச் சராசரியிலும் நூற்றுக்கு மூன்றே. ஏழை வீட்டின் கஞ்சிப் பானையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது. அப்படி ஏற்றுவோருக்குப் பதில் சொல்லவும் நம்மிடம் கணக்கு இருக்க வேண்டும்.

கணக்கின் வலிமையை எங்கள் பாலாற்றங்கரை நன்றாகவே அறியும். தோல் கழிவால் கிணறு உவர்ந்தது, நிலம் வெளிறியது என்று உழவர்கள் பல்லாண்டு முறையிட்டனர். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்தது என்ற அளவீடு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 1996 ஆகஸ்டு 28-இல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டிற்று. ஆற்றின் துயரம் தீர்ந்துவிடவில்லை. 2025 ஜனவரி 30-இலும் அதே நீதிமன்றம் பாலாற்றைக் காக்க மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. தோலால் வாழும் குடும்பத்தில் பிறந்து, தோலால் வாழும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட எனக்கு, அந்தத் தீர்ப்பை எதிரியாகவும் பார்க்க இயலவில்லை. முழு மனதோடு கொண்டாடவும் இயலவில்லை. எங்கள் சோறும் அந்த ஆற்றின் நீரும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. கழிவு ஓடிய அந்த ஆண்டுகளிலேயே ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் கழிவை அளந்து எழுதியிருந்தால், அளவு சிறிதாக இருந்தபோதே தடுத்திருக்கலாம் என்று மட்டும் எண்ணுவதுண்டு. காற்றில் சேரும் கரியமில வாயு உப்பைப் போல் நாவில் கரிக்காது. ஆகவே அதற்கு அளவு இன்னும் கூடுதலாகத் தேவை.

ஒரு சொல் நம் விருந்துகளைப் பற்றியும். திருமண வீட்டில் இலையில் மிஞ்சிக் குப்பைக்குப் போகும் சோற்றில், அதை விளைவித்த நீரும் உழைப்பும் எரித்த விறகும் வாயுவும் சேர்ந்தே போகின்றன. வீண்விரயம் கூடாது என்பது நமக்கு மார்க்கம் சொல்லித் தந்த பாடம். நூறு பேர் வீட்டில் அடுப்பைத் தணித்துச் சேமித்ததை, ஒரு வலீமாவின் மிச்சத் தேக்சா ஒரே இரவில் கரைத்துவிடலாம்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளிடம் இந்தப் பணியை ஒரு மாத விடுமுறையில் ஒப்படையுங்கள். சிலிண்டர் மாற்றிய தேதியைச் சுவரில் எழுதட்டும். எடையை மூன்றால் பெருக்கட்டும். மின் கட்டணத்தையும் பெட்ரோலையும் பக்கத்திலேயே குறிக்கட்டும். மூன்று மாதம் கழித்து வீட்டின் எல்லோரையும் அமரவைத்துப் படித்துக் காட்டட்டும். வீட்டில் யாரேனும் பெரியவர் இருந்தால் அவர்களையும் கணக்கில் சேருங்கள். அவர்களுடைய கைமுறைகளில் நாம் மறந்துபோன சிக்கனம் நிறைய இருக்கிறது.

எங்கள் வீட்டில் இவ்வாண்டு மழைக்காலத்துக்கு முன்பே மாமியின் மூச்சுக்கு மருத்துவரைப் பார்க்க, மிச்சமான தொகையிலிருந்து கொஞ்சம் தனியே எடுத்து வைத்திருக்கிறோம். பின்கட்டில் கல் வைக்க நினைத்த இடத்தில் அவர்கள் கொத்தமல்லியும் புதினாவும் விதைத்திருக்கிறார்கள். நன்றாகவே முளைத்திருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ்.